ஜெயித்த ஆட்டம் யாருடையது?

கோச்சை வேலையிலிருந்து தூக்கியது மைதானத்து ஒலிபெருக்கியில். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே அணியின் முதலாளி மைக்கைப் பிடுங்கி, "மாப்ளே, நீ வீட்டுக்குக் கிளம்பு, உன் வேலை போச்சு!" என்றார். முதலாளி, கோச்சின் மனைவிக்குக் கூடப்பிறந்த அண்ணன்.

அப்படிக் கத்தி ஒருவரை நீக்கினால் சட்டப்படி செல்லாது, குற்றத்தைச் சொல்லி அவர் பதிலையும் கேட்டாக வேண்டும் என்றார்கள். ஆகவே உடை மாற்றும் அறையில் விசாரணை நடந்தது. குற்றம், ஓயாமல் தோற்றது. விசாரிக்க வந்த வக்கீலம்மா, காயப்போட்ட காலுறைகளுக்குக் கீழே மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார்; எதிரே கோச்சும் முதலாளியும்.

கோச்சை மனைவி பாடம் நடத்தி அனுப்பியிருந்தாள். "எல்லாம் அண்ணன் சொன்னபடிதான் செஞ்சேன்னு மட்டும் சொல்லுங்க. முதலாளி சொன்னதைச் செஞ்சதுக்கு நீக்க முடியாதாம். வேற ஏதாவது வாயத் திறந்தீங்க, இருக்கு உங்களுக்கு."

அது பொய்யும் இல்லை. யார் எங்கே ஆடுவது என்பதெல்லாம் மச்சானிடமிருந்து போனில்தான் வரும். கோல்கீப்பர் மச்சானின் மகன். திறந்த வீட்டில் நாய் நுழைகிற மாதிரி பந்து நுழையும்.

"கோல்கீப்பரை யார் போட்டது?" என்றார் வக்கீலம்மா.

"மச்சான்."

"எல்லாரையும் முன்னாடி ஓடவிட்டது?"

"மச்சான்."

வேலை தப்பித்தது. அத்தோடு விட்டிருக்கலாம்.

"போன வருஷம் ஒரு ஆட்டம் ஜெயிச்சீங்களே, அதுவும் அவர் சொன்னதுதானா?"

கோச்சுக்குச் சுருக்கென்றது. அவர் வாழ்க்கையின் ஒரே வெற்றி. எதிரணிக்காரன் வழுக்கி விழுந்து, தன் அணியின் கோலிலேயே பந்தைத் தள்ளிவிட்டான். இருந்தாலும் வெற்றி வெற்றிதான்.

"அது என் மூளைங்க! அவனுங்களைக் களைக்க வச்சதே நான்தான்."

"அப்போ முடிவெல்லாம் நீங்க எடுக்கறதா?"

மனைவியின் முகம் ஞாபகம் வந்தது. ரோஷம் முந்திக்கொண்டது. "நானேதான்!"

கோச்சு தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டார். மச்சான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும், நீக்கியது செல்லும். உட்கார்ந்தால்தானே.

"யாரு மூளை, மாப்ளே? களைக்க வைக்கச் சொன்னது நானு! இந்த டீம்ல லேஸ் கட்டறதுகூட என்னைக் கேட்டுத்தாம்மா!"

"அப்போ நீக்கினது செல்லாது," என்று வக்கீலம்மா பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

கோச்சு கதவை மறித்து நின்றார். "ஐயோ, செல்லணுங்க! என்னை நல்லா நீக்குங்க! அந்த ஆட்டத்தை மட்டும் அந்த ஆளுக்குக் குடுத்துடாதீங்க!"