ஓராள் உலை

அரை டின் அரிசி மறுபடியும் அடிப்பிடித்துவிட்டது. பால் டின்னால் அளந்துதான் சீதாலெட்சுமிக்குப் பழக்கம். ஆறு பேருக்கு நாலு டின், கையே கணக்கு வைத்திருந்தது. இப்போது அரை டின்னைப் போட்டால், சனியன் பிடித்த அந்தப் பெரிய குக்கரின் அடியில் போய் அப்பிக்கொள்கிறது. குழம்பு அதைவிட மோசம். ஒரு ஆளுக்கு எவ்வளவு புளி என்று அவள் கைக்கு எங்கே தெரியும்? மிஞ்சியதெல்லாம் ஐஸ்கிரீம் டப்பாக்களில் அடைபட்டு ஃப்ரிட்ஜை நிறைத்துக் கிடந்தது.

வீட்டில் இருப்பது ஒரே ஆளா என்றால், அதுவும் இல்லை. புருஷன் பக்கிரிசாமி குத்துக்கல்லாட்டம் ஹாலில்தான் இருக்கிறார். மகன் லோகன் பெண்டாட்டி பிள்ளைகளோடு அம்பாங்குக்குக் குடிபோனதிலிருந்து அவர் இவள் சமையலைத் தொடுவதில்லை. மருமகள் வைத்த சாம்பாரை அவள் கண்ணெதிரே சிங்க்கில் ஊற்றிக் குடும்பத்தையே விரட்டினவள் நீ, உன் கையால் இனி சாப்பிட்டால் நான் மனுஷனில்லை என்றார். அன்றுமுதல் கிள்ளான் டவுன் கடைகளில் பொட்டலம் கட்டிவந்து டிவி முன்னால் உட்கார்ந்து தின்கிறார். ஊற்றியது உண்மைதான். ஊசிப்போன சாம்பாரைப் பேரப்பிள்ளைகளுக்கா கொடுப்பாள்? அதை யார் கேட்டார்கள்? ஒரு வாய், ஒரே ஒரு வாய் அவர் இவள் கையால் தின்றுவிட்டால் போதும், தோற்றது அவர்தான். அதற்காக, வாங்க சாப்பிட என்று கூப்பிட அவளுக்கு நாக்கு வளையாது.

அன்று மத்தியானம் நாத்தனார் வீரம்மா, கேரி தீவிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினாள், வீட்டு வாழையில் அறுத்த இலைக்கட்டோடு. பசிக்கிறது என்றாள். அண்ணன் கையையும் பிடித்து இழுத்து சாப்பாட்டு மேசை முன்னால் உட்காரவைத்தாள். தங்கச்சி முன்னால் மானம் போகக் கூடாதே, பக்கிரிசாமி இலையை இழுத்துப் போட்டுக்கொண்டார். சீதாலெட்சுமி ஃப்ரிட்ஜில் கிடந்த டப்பா மீன்குழம்பைச் சுடவைத்தாள். நல்ல சோற்றை இரண்டு இலைக்கும் பங்கிட்டு, தீய்ந்ததைத் தனக்கு வைத்துக்கொண்டாள்.

"என்ன அண்ணி, குருவிக்கு ஆக்கின மாதிரி ஆக்கி வெச்சிருக்கீங்க?"

"சாப்பிடற ஆளுக்குத்தான் ஆக்கறேன்."

பக்கிரிசாமி குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். ஒரு பருக்கை மிச்சமில்லை. சீதாலெட்சுமிக்கு வயிறு குளிர்ந்தது. இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றட்டுமா என்று கேட்க வாய்கூட வந்துவிட்டது. அதற்குள் அவர் இலையை எதிர்ப்பக்கமாக மடித்துவிட்டார்.

வாய்க்குப் போன வீரம்மாவின் கை பாதியில் நின்றது.

"அண்ணே, சாவு வீட்டுலதான் அப்படி மடிப்பாங்க. நம்ம பக்கமா மடிங்க லா."

"தெரிஞ்சுதான் மடிச்சேன்," என்றார் பக்கிரிசாமி. "இந்த வீட்டுல ஆக்கிப் போட்டவ செத்து ரொம்ப நாளாச்சு."

சீதாலெட்சுமிக்கு அழுகை வரவில்லை, வந்திருந்தாலும் விட்டிருக்க மாட்டாள், அவ்வளவு ராங்கி. இலைக்கட்டிலிருந்து இன்னொரு இலையை உருவித் துடைத்து, அவருக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தாள். தீய்ந்த சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்து, அவசரமே இல்லாமல், அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே தின்றாள். அவர் எழப் பார்த்தார். வீரம்மா இடக்கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்து உட்காரவைத்தாள். கடைசி வாயை விழுங்கிவிட்டு, சீதாலெட்சுமி தன் இலையையும் எதிர்ப்பக்கமாக மடித்தாள்.

இரண்டு இலைகளும் மேசை நடுவில் முட்டிக்கொண்டு கிடந்தன. வீரம்மா எச்சில் கை காயக் காய, தன் இலையை எந்தப் பக்கம் மடிப்பதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.