மணலில் ஓடிய இரும்பு வண்டி

பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கோட்டை எழும்பி முப்பது வருஷம் ஆகியிருந்த சமயம். கடலோரக் குப்பத்தில் படகு கட்டிக்கொண்டிருந்த அர்ஜுனனைத் தளபதி ரெய்க்மான் கூப்பிட்டனுப்பினார். அவருக்கு வேண்டியது வண்டி. பன்னிரண்டு சிப்பாய்கள் உள்ளே மறைந்து உட்கார்ந்து, துளைகள் வழியாகத் துப்பாக்கி சுட்டுக்கொண்டே போகும்படி, சுற்றிலும் இரும்புத் தகடு போர்த்திய வண்டி. மாடுகள் மேல் குண்டு படாமலிருக்க அவற்றைப் பின்னால் பூட்டித் தள்ளவைக்க வேண்டுமாம்.

தளபதி வரைந்து வைத்திருந்த படத்தைப் பார்த்ததுமே அர்ஜுனனுக்கு உறுத்தியது. சக்கரம் நாலு விரல் அகலம்தான்.

"இது மணல்ல புதைஞ்சுடும். ஒரு சாண் அகலம் வேணும்னு தொரைகிட்ட சொல்லுங்கய்யா" என்றான் துபாஷி துளசிங்கத்திடம்.

துளசிங்கம் ஒல்லாந்து மொழியில் ஏதோ சொன்னார். தளபதி சிரித்துத் தலையாட்டினார்.

"படத்துல இருக்கிறபடியே செய்யணுமாம்" என்றார் துபாஷி.

பத்து நாள் கழித்துத் தளபதி தகட்டின் கனத்தை இரட்டிப்பாக்கச் சொன்னார். பிறகு கூரைக்கும் தகடு. அப்புறம் முன்பக்கத்தில் ஒரு சிறு பீரங்கி. ஒவ்வொரு தடவையும் அர்ஜுனன் சக்கரத்தைக் காட்டிக் கத்தினான். ஒவ்வொரு தடவையும் தளபதி சிரித்தார். வீட்டில் மனைவி பொன்னியம்மாளிடம் எரிந்து விழுந்தான்.

வெள்ளோட்டத்தன்று கோட்டை வாசலைத் தாண்டியதுமே வண்டி அச்சுவரை மணலில் இறங்கிவிட்டது. வெயிலில் தகடு பழுத்து, உள்ளே இருந்தவர்கள் மூச்சு வாங்க வெளியே விழுந்தார்கள். தளபதி அர்ஜுனனைப் பார்த்து இரைந்தார்.

"இன்னா சொல்றாரு?"

துளசிங்கம் மென்று விழுங்கினார். "நீ ஏன் முன்னாடியே சொல்லலன்னு கேக்குறாரு."

"நான் சொல்லலையா? நீ இன்னா சொன்ன அவராண்ட?"

"உத்தரவுப்படி செய்யறான்னு சொன்னேன். எதிர்த்துப் பேசினா என் வேலை போயிடும்பா."

துபாஷியின் கழுத்தைப் பிடிக்கப் போன கையால் ஒரு குச்சியை எடுத்து, அர்ஜுனன் ஈரமணலில் அகலச் சக்கரம் ஒன்றை வரைந்தான். கூரைத் தகட்டையும் பீரங்கியையும் கழற்றும்படி ஜாடை காட்டினான். ரெய்க்மான் குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு அவன் தோளில் தட்டினார்.

ஒன்றரை மாதத்தில் கருவேலச் சக்கரங்கள் தயாராயின. இந்தத் தடவை வண்டி முனகிக்கொண்டே, ஆனால் எங்கும் நிற்காமல், கோட்டையிலிருந்து குப்பம்வரை போய்த் திரும்பியது. அர்ஜுனன் கூடவே ஓடினான்.

நாலாம் நாள், ஒல்லாந்தரின் கீழைத் தலைமையிடமான பத்தாவியாவிலிருந்து வந்த கப்பல் ரெய்க்மானை ஏற்றிக்கொண்டு போனது. அவருக்குப் பதிலாக வந்தவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். ஓட்டிக் காட்ட அர்ஜுனன் மாடுகளைப் பூட்டப் போனான். வேண்டாமென்று கையசைத்துவிட்டார். தகடுகளைப் பிரித்துக் கோட்டைக் கதவில் அடிக்கச் சொன்னார். பிரிக்கும் வேலைக்கும் அர்ஜுனனையே வைத்தார்கள்.

"நான் எடுத்துச் சொன்னேன், கேக்கலப்பா" என்றார் துளசிங்கம். சொன்னாரோ இல்லையோ. அர்ஜுனன் ஆணியைப் பிடுங்கிக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் பொன்னியம்மாள் கேட்டாள்: "அதான் நல்லா ஓடுச்சே, இன்னாத்துக்கு வேணாமாம்?"

"அதக்கூட யாரும் சொல்லல" என்றான். கால் கழுவாமலே உள்ளே போய்ப் படுத்துக்கொண்டான்.