ஏழாவது நாற்காலி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். அதனாலேயே மனிதர்களோடு அதிகம் மல்லுக்கட்டத் தேவையில்லாத வேலையாகப் பார்த்துச் சேர்ந்தேன். பல்கலைக்கழகக் கலைக்கூடத்துக்கு வரும் பொருட்களுக்கு எண் போட்டுப் பதிவேட்டில் ஏற்றுவது என் வேலை. ஓவியமோ சிலையோ உடைந்த பானையோ, எது வந்தாலும் முதலில் என் மேஜைக்குத்தான் வரும். கண்ணில் படாத ஓரமாக ஒரு சொட்டு வார்னிஷ், அது காய்ந்ததும் ஊசிமுனைப் பேனாவால் எண், அதன்மேல் இன்னொரு சொட்டு வார்னிஷ். எண் ஏறிவிட்டால் துணைவேந்தரே வந்தாலும் கையுறை இல்லாமல் அதைத் தொட முடியாது.

கட்டடக்கலைத் துறையில் நெடுநாள் பாடம் நடத்தி இறந்துபோன ஓர் ஆசிரியர், பொழுதுபோக்காக மர நாற்காலிகள் செய்திருந்தார். அவருடைய வீட்டார் அவற்றை எங்களுக்குக் கொடுத்தார்கள். பட்டியலில் 'நாற்காலி - ஏழு' என்று இருந்தது. கிடங்கில் எண்ணினால் ஆறு. திரும்ப எண்ணினாலும் ஆறு. வீட்டாரைக் கேட்டால், ஏழையும் அனுப்பியாகிவிட்டது என்றார்கள்.

"ஏழும் இருக்கணும்மா," என்றார் இயக்குநர். "அழைப்பிதழ்ல ஏழு நாற்காலிகள்னு தலைப்பே போட்டாச்சு." அவர் குரலை உயர்த்தவே மாட்டார். என்னுடைய ஒப்பந்தம் இரண்டு மாதத்தில் முடிகிறது, நீட்டிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போடப் போவது அவர்தான் என்பது இருவருக்கும் தெரியும்.

இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டு தேடினேன். மூன்றாம் நாள் காலை, முதல் கூடத்தின் வாசலில் அது தானாகக் கண்ணில் பட்டது. அதே கருமரம், அதே சாய்வு முதுகு, கைப்பிடி இல்லாத அதே அகல இருக்கை. கால்கள் மட்டும் இரண்டு அங்குலம் கூடுதல் உயரம். கிடங்குக்குப் போகாமல் யாரோ இங்கேயே போட்டுவிட்டிருக்கிறார்கள், இத்தனை நாள் மூக்கு முன்னாலேயே இருந்திருக்கிறதே என்று என்னை நானே திட்டிக்கொண்டு, அங்கேயே மண்டியிட்டு எண்ணை எழுதினேன்.

இரண்டாம் பூச்சு பூசும்போது கூடத்தின் காவலர் கையில் தேநீரோடு வந்து நின்றார். எல்லோருக்கும் அவர் 'கூடத்து அக்கா'. இருபத்திரண்டு வருடமாக அந்த வாசலில்தான் இருக்கிறார்.

"என்னம்மா பண்ற?"

"நம்பர் போடறேன்க்கா. இது எவ்வளவு முக்கியமான பொருள் தெரியுமா? இதுமேலயா இவ்வளவு நாளும் உக்காந்திருந்தீங்க?" என்று ஒரு பிடி பிடித்தேன். "இனிமே தொடக்கூட கூடாது, சொல்லிட்டேன்."

அக்கா நாற்காலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரிம்மா," என்றார்.

அன்று மாலையே பதிவேட்டில் ஏற்றிவிட்டேன். குறிப்புப் பகுதியில், 'கால்கள் வேண்டுமென்றே உயர்த்தப்பட்டுள்ளன. செய்தவரின் புதிய முயற்சியாக இருக்கலாம்' என்று என் மேதாவித்தனத்தையும் சேர்த்து எழுதினேன்.

அடுத்த வாரம் ஏழு நாற்காலிகளும் முதல் கூடத்தில் வெள்ளை மேடை ஏறின. சுற்றிலும் கயிறு. அந்தக் கயிற்றுக்குப் பக்கத்தில் நிற்பது அக்காவின் வேலை ஆனது. மேடை போட வந்த மாணவர்கள் களைத்துப்போய் உட்காரப் போனால், "அதுல உக்காராதீங்கப்பா, நம்பர் போட்டிருக்கு," என்று தடுத்துக்கொண்டிருந்தார்.

திறப்பு விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது அக்காவின் மகன் வந்தான். ஏதோ கம்பெனியில் வண்டி ஓட்டுகிறவன், முப்பது வயதிருக்கும். அம்மாவின் மாத்திரையைக் கொடுக்க வந்தவன் மேடையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான்.

"மேடம், எங்க வீட்டு நாற்காலி எதுக்கு மேடையில இருக்கு?"

"எந்த நாற்காலி?"

"அந்தக் கடைசி நாற்காலிதான். பழைய சாமான் கடையில வாங்கினது. அம்மாவுக்கு முட்டி தேஞ்சுபோச்சு. தாழ்வா உக்காந்தா எழுந்திரிக்க முடியாது. நான்தான் நாலு காலுக்கும் கட்டை அடிச்சுக் கொடுத்தேன்."

"நீ சும்மா இருடா," என்று அக்கா அவன் கையைப் பிடித்து வெளியே தள்ளிக்கொண்டு போனார்.

குனிந்து பார்த்தேன். கட்டை காலோடு சேரும் இடத்தில் ஆணித்தலை பளபளத்தது. கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்கத்தான் எனக்குச் சம்பளம். அன்றைக்கு எங்கே போயிருந்தது என் கண்?

அக்கா திரும்பி வந்ததும், "ஏன்க்கா சொல்லல?" என்றேன்.

"விடும்மா."

விட்டுவிட்டேன், அதைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. அழைப்பிதழ் போயாகிவிட்டது, ஒப்பந்தம் கழுத்தில் தொங்குகிறது என்று காரணம் சொல்லிக்கொண்டேன். பதிலுக்கு என் அறையிலிருந்த முக்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டேன். அக்கா என் மனம் கோணக்கூடாதே என்று ஒருமுறை உட்கார்ந்தார். எழுப்ப இரண்டு பேர் வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு அவர் உட்காரவில்லை, காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை நின்றார்.

விழாவுக்கு நல்ல கூட்டம். வடிவமைப்புத் துறைத் தலைவர்தான் பேசினார், நல்ல மனிதர், பேச்சும் நன்றாகத்தான் இருந்தது. ஆறு நாற்காலிகளைப் பற்றிச் சொல்லிவிட்டு ஏழாவதற்கு வந்தார்.

"இத கவனிங்க. மத்த ஆறுலயும் அழகுதான் முன்னால நிக்குது. இதுல மட்டும் காலுக்கு அடியில ரெண்டு அங்குலம் சேர்த்திருக்கார். எதுக்கு? உக்கார்றவங்க வலியில்லாம எழுந்திரிக்கணும். அடுத்தவங்க வலி தெரிஞ்ச ஒருத்தராலதான் இப்படிச் செய்ய முடியும்."

எல்லோரும் தலையாட்டினார்கள். நான் அக்காவைப் பார்த்தேன். கயிற்றுக்குப் பக்கத்தில், ஒரு கையைச் சுவரில் ஊன்றி, வலது காலிலிருந்து இடது காலுக்கு மாறிக்கொண்டிருந்தார். அவ்வளவுதான், எனக்குப் பொறுக்கவில்லை.

"சார், அந்தக் கட்டைய அடிச்சது அவர் இல்ல. இதோ நிக்கிற அக்காவோட பையன். இது அக்கா வீட்டுல இருந்து கொண்டுவந்த நாற்காலி. தெரியாம நம்பர் போட்டது நான். தெரிஞ்சும் ரெண்டு நாளா சும்மா இருந்ததும் நான்தான்."

யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள். இயக்குநர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

துறைத் தலைவர் அக்காவிடம் திரும்பி, "அப்படியாம்மா?" என்றார்.

"ஆமாங்க சார்," என்றார் அக்கா, தலையைக் குனிந்துகொண்டே.

துறைத் தலைவர் குனிந்து அந்தக் கட்டையைப் பார்த்தார். "அப்ப நான் சொன்னதுல ஆள் மட்டும்தான் மாறியிருக்கு. மத்ததெல்லாம் சரிதான்," என்றார். கூடமே கைதட்டியது. அக்கா மட்டும் நிமிரவில்லை. கூச்சப்படுகிறார் என்று நினைத்தேன்.

"என் ரூமுக்கு வந்து சொல்லியிருக்கலாமேம்மா," என்றார் இயக்குநர், அப்புறமாக. ஒரு வருடத்துக்கு வரவேண்டிய நீட்டிப்புக் கடிதம் மூன்று மாதத்துக்குத்தான் வரும் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். "வாயக் குடுத்து வேலையக் கெடுத்துக்கிட்டு வந்திருக்க," என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கு அது உறைக்கவே இல்லை. செய்யவேண்டியதைச் செய்துவிட்டோம் என்று மனம் நிறைந்திருந்தது. உண்மையைச் சொன்னால், கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் காலை, பார்வையாளர்கள் வருவதற்கு முன்பே போய்விட்டேன். பதிவேட்டில் சிவப்பு மையால் வரியை அடித்து, 'ஏழாவது கிடைக்கவில்லை' என்று எழுதி, கீழே என் கையெழுத்தைப் போட்டேன். நானும் அக்காவும் சேர்ந்து நாற்காலியை மேடையிலிருந்து இறக்கி வாசலில் வைத்தோம். பஞ்சில் அசிட்டோனை நனைத்துத் தேய்த்தேன். இரண்டு நிமிடத்தில் எண் கரைந்து வந்துவிட்டது.

அக்கா மெதுவாகக் குனிந்து, எண் இருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். "போயிடுச்சா?"

"சுத்தமா போயிடுச்சு. இனிமே ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல முடியாது. நீங்க ராஜா மாதிரி உக்காருங்க."

உட்கார்ந்தார். முட்டி இரண்டையும் தேய்த்துவிட்டுக்கொண்டு நீளமாக மூச்சு விட்டார். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

"ஆனா ஒண்ணு கேக்கணும்க்கா. உங்க நாற்காலின்னு அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இவ்வளவு அவஸ்தையே வேண்டாமே?"

அக்கா மேடையில் ஏழாவது நாற்காலி இருந்த காலி இடத்தைப் பார்த்தார்.

"இன்னும் எட்டு மாசத்துல எனக்கு ரிட்டையர்மென்ட்," என்றார். "இருபத்திரண்டு வருஷம் அடுத்தவங்க பொருளா காவல் காத்தாச்சு. நான் போயிட்டா இங்க என்னோடதுன்னு என்ன இருக்கும் சொல்லு? நீ வந்து நம்பர் எழுதினப்ப, சரி, நம்ம வீட்டுப் பொருளும் ஒண்ணு இங்கயே இருந்துட்டுப் போகட்டும்னு தோணுச்சு. நாளைக்குப் பேரப்பிள்ளைங்களக் கூட்டிட்டு வந்து காட்டலாம். அதான் வாய மூடிக்கிட்டேன்."

"அப்ப முட்டி வலி?"

"எட்டு மாசம்தானம்மா. அது பொறுத்துக்கும்."

கையில் பஞ்சோடு நின்றேன். அழுகை வந்துவிடும் போல இருந்தது.

"நீ நல்லதுதான் பண்ண," என்றார் அக்கா. "போ, போய் வேலையப் பாரு. பத்து மணி ஆகப்போகுது."

மேஜைக்குப் போய் உட்கார்ந்தேன். அன்று முழுவதும் என்னால் ஒரு பொருளுக்கும் எண் போட முடியவில்லை.