துண்டுக்காரியின் வெந்நீர்

ஊற்று குளிர்ந்துபோன வருஷத்தில்தான், துண்டுக்காரி தன் காலை வைத்தால் மட்டும் அது சுடும் என்று ஊருக்குத் தெரியவந்தது. அதற்கு முன்னால், யாருக்கும் நினைவில்லாத காலத்திலிருந்து, அது தானாகவே சுட்டுக்கொண்டிருந்தது. பாறைக்கடியில் கந்தகம் எரிகிறது என்று படித்தவர்கள் சொன்னார்கள். பூமிக்குக் காய்ச்சல் என்று மற்றவர்கள் சொன்னார்கள். மூட்டுவலிக்காரர்கள் இரண்டுக்கும் தலையாட்டிவிட்டுக் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு மழைக்காலத்தில் நிலம் லேசாகக் குலுங்கியது. அலமாரியிலிருந்து ஒரு தம்ளர்கூட விழவில்லை. ஆனால் மறுநாள் காலை தொட்டியில் முதலில் இறங்கிய கிழவர், வாயில் வரக்கூடாத வார்த்தையோடு வெளியே பாய்ந்தார்.

குளியல்கூடத்தின் குத்தகைக்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். விடுதி அறைகளில் சிலந்தி குடியேறியது. பேருந்து நிற்காமல் போகத் தொடங்கியது. குளிக்க வருபவர்களுக்குத் துண்டு கொடுத்து, ஈரத்துண்டை வாங்கித் துவைத்துக் காயப்போடுவதுதான் துண்டுக்காரியின் வேலை. ஆளில்லாததால் சும்மா இருக்கமாட்டாமல், துவைத்த துண்டுகளையே மறுபடி அலசலாமென்று படியில் உட்கார்ந்து கால்களைத் தண்ணீரில் விட்டாள். கொஞ்ச நேரத்தில் ஆவி கிளம்பியது. பயந்து எழுந்தாள், ஆறிவிட்டது. உட்கார்ந்தாள், சுட்டது. பார்த்துக்கொண்டிருந்த குத்தகைக்காரர் பிளந்த வாயை ஒருவழியாக மூடிவிட்டுச் சொன்ன முதல் வார்த்தை, "எழுந்திரிக்காதே" என்பதுதான்.

ஏன் சுடுகிறது என்று அவளுக்கு மட்டும் தெரியும். ஊற்று குளிர்வதற்குச் சில வருஷம் முன்னால், அப்பா பக்கவாதத்தில் விழுந்து, பிடித்துக்கொள்ள ஒருத்தி, புரட்டிப்போட ஒருத்தி என்று இரண்டு மகள்களையும் ஒரே அறையில் கட்டிப்போட்டிருந்த காலம் அது. நிலம் அளக்க வந்த ஒருவன் அவள் தங்கைமேல் ஆசைப்பட்டு, கல்யாணம் செய்து தன்னோடு கூட்டிப்போவதாகச் சொன்னான். தங்கை பெட்டியைத் தூசி தட்டி வைத்துவிட்டாள். அந்த அறையில் அப்பாவோடு தனியாகக் கிடக்கப்போகிறோம் என்ற நினைப்பையே அக்காவால் தாங்கமுடியவில்லை. அவன் குளிக்க வந்த அன்று, துண்டை நீட்டிக்கொண்டே, "அவளுக்கு வலிப்பு வருமே, சொல்லியிருப்பாளே?" என்றாள். தங்கைக்கு வலிப்புமில்லை, ஒரு மண்ணுமில்லை. அவன் அடுத்த பேருந்தில் போனவன்தான். சில நாளில் தங்கையும், ஏன் எதற்கென்று ஒரு வார்த்தை கேட்காமல், தூரத்து ஊரில் துணி ஆலை வேலைக்குப் போய்விட்டாள். அப்பாவைப் பிடித்தது, புரட்டியது, கடைசியில் மண்ணுக்குள் இறக்கியது எல்லாம் அக்கா ஒருத்திதான். பேருந்துப் படியில் ஏறிய தங்கையின் முதுகு நினைவுக்கு வரும்போதெல்லாம் தண்ணீர் கொப்பளித்தது.

வருஷங்கள் ஓடின. விடுதிக்கு மாடி கட்டினார்கள். பேருந்து மறுபடி நின்றது, பிறகு அங்கிருந்தே கிளம்பவும் ஆரம்பித்தது. துண்டுக்காரி உட்காரப் படியில் மெத்தை போட்டார்கள், தலைக்குமேல் கூரை வேய்ந்தார்கள். அவளுக்குள் ஏதோ அரிக்கிறது, அதுதான் அடுப்பு என்பது ஊருக்குப் புரிந்திருந்தது. என்னவென்று ஒருவரும் கேட்கவில்லை. ஒருமுறை குத்தகைக்காரரின் மனைவி இரக்கப்பட்டு அவளுக்குப் புதுச்செருப்பு வாங்கிக் கொடுத்தாள். அன்று முழுக்கத் தண்ணீர் வெதுவெதுப்புக்குமேல் ஏறவில்லை. அதன்பிறகு அவளிடம் யாரும் நல்லவார்த்தை பேசுவதில்லை. அவள் காதில் விழும்படி சிரிப்பவர்களை வெளியே அனுப்பினார்கள். அவளும் அதைக் குறையாக நினைக்கவில்லை. தனக்கு வேண்டியதுதான் என்று இருந்தாள்.

முடி நரைத்த பிறகு, முழங்கால் வலிக்குக் குளிக்கவந்த கூட்டத்தோடு தங்கை வந்து இறங்கினாள். துண்டுக்காரிக்கு இருக்கும் அதே முகவாய்க்கட்டையைப் பார்த்ததுமே குத்தகைக்காரருக்கு விஷயம் பாதி புரிந்துவிட்டது. வாசலிலேயே கையெடுத்துக் கும்பிட்டார்.

"அம்மா, உங்களுக்குள்ள என்ன நடந்துச்சோ எனக்குத் தெரியாது. ஆனா மன்னிச்சு கின்னிச்சு வச்சிராதீங்க. ஊரே இதை நம்பித்தான் பொழைக்குது."

தங்கை அவரை விலக்கிக்கொண்டு உள்ளே போய், அக்காவுக்குப் பக்கத்துப் படியில் உட்கார்ந்தாள். அக்கா நிமிரவே இல்லை. தண்ணீரில் சூடு விறுவிறுவென்று ஏற, குளித்துக்கொண்டிருந்தவர்கள் அலறிக்கொண்டு கரையேறினார்கள்.

"நான்தான் அவன்கிட்ட சொன்னேன். உனக்கு வலிப்புன்னு" என்றாள் அக்கா.

"தெரியும்."

"எப்போ?"

"அன்னிக்கே. போறப்ப அவன் கேட்டுட்டுத்தானே போனான். இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நின்னிருப்பான்." தங்கை முழங்காலைத் தேய்த்தாள். "நான் சொல்லலக்கா. அவனைக் கட்டிக்கிட்டா மாசாமாசம் அப்பாவைப் பார்க்க வரணும், உனக்கு ஒத்தாசை பண்ணணும். நீ பண்ணினதைச் சாக்கா வச்சு ஒரேயடியா ஓடிட்டேன். நீ தனியா கிடந்து சாவேன்னு தெரிஞ்சேதான் போனேன். உன்னை மன்னிக்க நான் யாரு?"

அக்கா முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை வருஷமும் தங்கையின் கோபம் என்று நினைத்து அவள் எரிந்துகொண்டிருந்த அந்த முதுகு, உண்மையில் முகத்தைக் காட்டப் பயந்த முதுகு. "முட்டி வலிக்குதுன்னா காலை உள்ள விடு" என்றாள். தங்கை செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை விட்டாள். தொட்டி மொத்தமும் உலைபோலக் கொதித்து, சுவரில் பூசிய சுண்ணாம்பு உரிந்து விழுந்தது.

குத்தகைக்காரர் அதற்கும் வழி கண்டுபிடித்தார். ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டிப் பச்சைத்தண்ணீரைக் கொண்டுவந்து கலந்தார். மிச்சமான வெந்நீருக்கு இன்னொரு தொட்டி கட்டினார். தங்கை திரும்பிப் போகவில்லை. அக்காவின் அறையிலேயே இன்னொரு கட்டிலைப் போட்டுக்கொண்டாள். காலையில் இருவரும் எதிரெதிர்ப் படிகளில் உட்கார்ந்து காலை நனைப்பார்கள். எப்போதாவது ஒருத்தி எதையோ சொல்லி மற்றவள் சிரித்துவிட்டால் தண்ணீர் சட்டென்று ஆறும். குளிப்பவர்கள், "ஏம்மா, கொஞ்சம் பார்த்து!" என்று சத்தம் போடுவார்கள். இருவரும் வாயைப் பொத்திக்கொள்வார்கள். கொஞ்ச நேரத்தில் மறுபடி சுட ஆரம்பிக்கும்.