எஸ்னாத் டீச்சரின் பல்வலி லீவு

கருப்பை வாயில் வெள்ளையாக ஏதோ தெரிகிறது, புற்றுநோய் என்று சொல்ல முடியாது, பெரிய ஆஸ்பத்திரியில் ஒருமுறை பார்த்துவிடுங்கள் என்று நர்ஸ் சீட்டு எழுதிக் கொடுத்தது மார்ச் மாதம். ஸோம்பா ஊர்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கும் எஸ்னாத்தின் காதில் புற்றுநோய் என்ற சொல் மட்டும்தான் தங்கியது. அவள் சித்தியைக் கொண்டுபோனதும் அதுதான்.

முதல் முறை போனபோது டாக்டர் ஊரில் இல்லை. இரண்டாம் முறை கரண்ட் இல்லை. ஒவ்வொரு முறையும் பல்வலி என்று சொல்லி லீவு எடுத்தாள். மூன்றாம் முறை கேட்டபோது தலைமையாசிரியர் பேனாவைக் கீழே வைத்தார்.

"டீச்சர், வாயில இன்னும் எத்தனை பல்லுதான் பாக்கி?"

சிரிக்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

வீட்டில் புருஷன் லைசன், இது யாரிடமிருந்து வந்தது என்று ஒரே ஒருமுறை கேட்டான். இது உடலுறவில் தொற்றும் கிருமியால் வருவது, எத்தனையோ வருஷத்துக்கு முன்னால்கூட யாருக்கும் தொற்றியிருக்கலாம் என்று நர்ஸ் சொன்னதை அவள் சொன்னாள். திரும்பிப் படுத்துக்கொண்டான். அதன்பிறகு அவர்களுக்குள் பேச்சு குறைந்துபோனது.

ஆஸ்பத்திரி பெஞ்சில் பக்கத்தில் இருந்தவள் கருவாட்டுக்காரி நாசிபெகோ. அவளுக்கு இது நாலாவது நடை. உள்ளே ரொம்ப வலிக்குமா என்று எஸ்னாத் கேட்டாள்.

"வலி என்னம்மா வலி, அஞ்சு பெத்தவ நான். வீட்டுக்குப் போயி ரிசல்ட்டுக்குக் காத்துக் கெடக்கோம் பாரு, அதுதான் ஆளத் தின்னுது."

அரிசியளவு சதையைக் கிள்ளி எடுத்தார்கள். ஆறு வாரம் கழித்து வரச் சொன்னார்கள். அந்த ஆறு வாரமும் இடுப்பு வலித்தால் பயம், வலிக்காவிட்டாலும் பயம். வருகைப் பதிவு எடுக்கும்போது பெயர்கள் பாதியில் நின்றன.

ஆறாம் வாரம், புற்றுநோய் இல்லை என்றார் டாக்டர். அப்படியே விட்டால் பின்னால் புற்றுநோயாகக்கூடியது என்று சொல்லி, அன்றைக்கே அந்த இடத்தைச் சுட்டு எடுத்தார். ஒரு வருஷம் கழித்து மறுபடி பார்க்க வேண்டுமாம்.

வெளியே சைக்கிளைப் பிடித்தபடி லைசன் நின்றிருந்தான். அவள் வரச் சொல்லியிருக்கவில்லை.

"என்ன சொன்னாங்க?"

"இப்போதைக்கு ஒண்ணுமில்லயாம். அடுத்த வருஷம் திரும்ப வரணும்."

"சேந்தே வருவோம்."

இத்தனை நாள் எங்கே போயிருந்தாய் என்று கேட்டிருக்கலாம். சண்டை போடவும் மனசில்லை, சந்தோஷப்படவும் முடியவில்லை. மெல்ல ஓட்டச் சொல்லிவிட்டுப் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.