கார் கேட்டுப் போன வாசல்

மூன்றாம் முறை கூவும்போது பேகுமுசி ஸுங்குவின் தொண்டை கட்டிக்கொண்டது. "ம்வெலாசே!" என்று அந்த வீட்டாரின் குலப்பெயரை மறுபடியும் உரக்கச் சொன்னார். பச்சை இரும்புக் கேட்டுக்கு அப்பால் ஒருவரும் அசையவில்லை. ஜன்னல் திரை மட்டும் ஒரு விரற்கடை விலகி மூடிக்கொண்டது. வீட்டுக்காரி உள்ளேதான் இருக்கிறாள். இருந்துகொண்டே நிற்க வைக்கிறாள். பெண் கேட்டு வருகிறவர்களை வாசலில் காயவிடுவது வழக்கம்தான். தன் தங்கை மகளைக் கேட்டு வந்தவர்களை அவரே இரண்டு மணி நேரம் மழையில் நிறுத்தியிருக்கிறார். ஆனால் இன்று அவர் பெண் கேட்டு வரவில்லை. கார் கேட்டு வந்திருந்தார்.

சனிக்கிழமை காலை, மணி பத்தாகப் போகிறது. கறுப்பர் குடியிருப்பான வொஸ்லூரஸின் அந்தத் தெருவில் துணி துவைக்கிறவர்கள் துவைப்பதை விட்டுவிட்டார்கள். கரிய கோட்டும் தொப்பியும் கைத்தடியுமாக ஒரு பெரிய மனிதர், அவருக்கு மூன்றடி பின்னால் தலையில் துணி கட்டி, தோளில் சால்வை போர்த்தி ஒரு பெண். இதை விட்டு எவள் துணியைப் பார்ப்பாள்?

"மாடூபே! யாரைப் பொண்ணு கேட்டு வந்திருக்காங்கடீ, உன் வீட்டுல நீ ஒருத்திதானே இருக்க?" என்று எதிர்வீட்டுக்காரி கத்தினாள்.

"என்னைக் கேட்டிருந்தா இந்நேரம் மூட்டையோட நடுத்தெருவுல நின்னிருப்பேன்!" என்றாள் இன்னொருத்தி. சிரிப்பு தெருக்கோடி வரை போயிற்று.

பேகுமுசி திரும்பிப் பார்க்கவில்லை. முப்பத்தொரு வருடம் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக நின்றவர். சிரிப்பும் அழுகையும் தன்மேல் படாமல் நிற்க அவருக்குத் தெரியும். பின்னால் நின்ற மகளின் மூச்சு மட்டும் கேட்டது. நொன்தோபெகோ என்று அவளுக்குப் பெயர் வைத்தவர் அவர்தான். பணிவு என்று அர்த்தம். வார நாட்களில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் யாருடைய காரையாவது இரவல் வாங்கி, மைதானத்தில் பின்சக்கரம் புகைய வட்டமடிக்கிறாள். அதை அவரிடம் அவள் மறைத்ததுமில்லை, அவர் அவளிடம் கேட்டதுமில்லை.

செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு மேசையில்தான் பேச்சை எடுத்தாள்.

"பாபா, ஒரு குஷேஷே கார் விலைக்கு வருது. என் சேமிப்புலதான் வாங்கறேன், உங்ககிட்ட ஒண்ணும் கேக்கல. விலையும் பேசி முடிச்சாச்சு. ஆனா சாவி வேணும்னா நீங்க வந்து வாசல்ல கூவணுமாம்."

"நான் எதுக்கு?"

"ஸுங்கு வீட்டுப் பெரியவர்தான் வரணுமாம். வேற யார் வந்தாலும் ஆகாதாம். சனிக்கிழமை பன்னெண்டு மணி வரைக்கும் பாப்பாங்க. அப்புறம் டர்பன்காரன் வந்து ஏத்திட்டுப் போயிடுவான்."

"யார் வீடு?"

"ம்தெம்பு. செத்துப்போன சிகனாண்டா ம்தெம்புவோட சம்சாரம்."

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "அந்த வண்டி என் கேட்டுக்கு உள்ள வந்தா, நான் கேட்டுக்கு வெளியே போறேன்."

"சரி பாபா" என்றாள். அவள் எதிர்த்துப் பேசியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஆம்புலன்ஸில் ஏற்றிய நோயாளி வழியிலேயே போய்விட்டால் போனில் ஒரு 'சரி' சொல்வாள். அதே 'சரி'தான் இது. மூன்று நாள் அந்தச் சொல் வீட்டுக்குள் நடமாடியது. வெள்ளிக்கிழமை மாலை அவரே கோட்டைத் தேய்க்கச் சொன்னார்.

மனம் மாறி வரவில்லை. அவரிடம் ஒரு கணக்கு இருந்தது. கோட்டுப் பையில் டார்ச்சும் கண்ணாடியும் இருந்தன. பந்தயத்துக்கென்றே கட்டிய அந்தப் பெட்டி வடிவ இரட்டைக் கதவுக் காரை, அந்தக் காலத்தில் கறுப்பர் குடியிருப்பில் யாராவது வைத்திருந்தால், பத்தில் எட்டு திருட்டு. அந்த எட்டு பேரின் வாக்குமூலங்களும் அவர் வாய் வழியாகத்தான் மாஜிஸ்திரேட்டின் காதுக்குப் போயின. இயந்திர எண் எங்கே பொறித்திருக்கும், அதை எப்படி அரத்தால் தேய்ப்பார்கள், தேய்த்த இடத்தில் வேறு எண்ணை எப்படி அடிப்பார்கள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். மகள் தன் கண்ணாலேயே பார்க்கட்டும். மரியாதையாக வந்து, மரியாதையாகக் கேட்டு, திருட்டுப் பொருள் என்று தெரிந்ததும் மரியாதையாகத் திரும்பிவிடலாம்.

அந்த வண்டியை அவர் ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறார். இருபத்தெட்டு வருடங்களுக்கு முன், தம்பியின் சவ அடக்கத்தன்று.

அவர்கள் அப்பா பிள்ளைகளுக்கு யோசித்துத்தான் பெயர் வைத்தார். பேகுமுசி, வீட்டைப் பார்த்துக்கொள்கிறவன். வுசுமுசி, வீட்டை எழுப்புகிறவன். எழுப்ப வேண்டியவன் கார் திருடினான். ஒரு நாள் திருடிய காரோடு போலீஸ் துப்பாக்கிக்கு எதிரே போய் நின்றான். அவனுக்குக் கடைசி மரியாதையாக, குழியருகே சக்கரம் வெடிக்கும்வரை வட்டமடிக்கச் சிநேகிதன் சிகனாண்டா இந்த வெள்ளைக் காரைக் கொண்டுவந்தான். பேகுமுசி கல்லறைத் தோட்டத்தின் வாசலில் இரண்டு கைகளையும் விரித்து நின்றார். "திருட்டு வண்டிப் புகை எங்கப்பா படுத்திருக்கற மண்ணுல விழக்கூடாது" என்றார். சிகனாண்டா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, பெரிய சாலை வரை பின்னோக்கியே ஓட்டிக்கொண்டு போனான். வுசி சத்தமில்லாமல் மண்ணுக்குள் போனான். அன்று சுவரிலிருந்து இறங்கிய அவன் படம் மறுபடி ஏறவில்லை. அந்தப் பெயரை வீட்டில் யாரும் சொல்வதில்லை. மகள் பிறந்தது அடுத்த வருடம்.

கதவு திறந்தது. சிகனாண்டாவின் மனைவி மாடூபே வந்தாள். கையில் ஒரு பெரிய கோப்பைத் தேநீர். கேட்டுக்கு இரண்டடி முன்னால் நின்று நிதானமாக ஒரு வாய் குடித்தாள்.

"யாரு?"

"ஸுங்கு வீட்டார் வந்திருக்காங்க. நல்ல உறவு கேட்டு வந்திருக்காங்க."

"கோர்ட்டுல பேசற மாதிரியே பேசறீங்களே, மன்சினி." அவருடைய குலப்பெயரை அவள் மரியாதையாகத்தான் சொன்னாள். மரியாதையே வசவு மாதிரி இருந்தது. "வந்திருக்காங்க, கேக்கறாங்கன்னா யாரு? எந்த ஸுங்கு?"

"பேகுமுசி ஸுங்கு."

"அது எனக்குத் தெரியும். யாரோட அண்ணன்?"

எதிர்வீட்டுக்காரி தன் மதில்மேல் எட்டிப் பார்த்தாள்.

"நான் எடுத்தேன்", "நான் குத்தினேன்", "நான்தான் கொன்றேன்" என்று முப்பத்தொரு வருடம் அவர் சொல்லியிருக்கிறார். குற்றவாளியின் சொல்லைக் குற்றவாளியாகவே நின்று சொல்ல வேண்டும் என்பது அந்த வேலையின் விதி. ஒரு தடவைகூட நாக்கு குழறியதில்லை. மாலையில் கோட்டைக் கழற்றும்போது அத்தனை 'நானு'ம் கோட்டோடு போய்விடும். இப்போது திரும்பி மகளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதவிக்கு வரமாட்டாள்.

"வுசுமுசியோட அண்ணன்."

"காது சரியாக் கேக்கறதில்ல எனக்கு. சர்க்கரை வந்ததிலேருந்து அப்படித்தான்."

"வுசுமுசியோட அண்ணன்!"

தேவைக்கு மேல் உரக்க வந்துவிட்டது. எங்கோ ஒரு நாய் குரைத்தது. மாடூபே கோப்பையை மதில்மேல் வைத்துவிட்டு இடுப்பிலிருந்து கேட்டுச் சாவியை எடுத்தாள்.

ஷெட்டுக்குள் கார் கம்பளி போர்த்திக்கொண்டு நின்றது. நொன்தோபெகோ சால்வையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். அப்புறம் அரை மணி நேரம் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். சின்னக் காந்தத்தைக் கதவிலும் சக்கர வளைவிலும் ஒட்டி ஒட்டிப் பார்த்தாள். பட்டி பூசிய இடத்தில் அது ஒட்டாமல் விழுந்தது. எண்ணெய் மூடியைத் திறந்து முகர்ந்தாள். பாவாடையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு வண்டிக்கு அடியில் புகுந்தாள். வேறு நாளாக இருந்தால் அதட்டியிருப்பார். ஆனால் வண்டிக்கு அடியிலிருந்து வந்த அவள் கைகள் ஒவ்வொரு இடத்தையும் தட்டி, அழுத்தி, காத்திருந்து, நகர்வதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டார். அடிபட்டவனை ரோட்டில் தொட்டுப் பார்க்கும்போதும் இப்படித்தான் பார்ப்பாளோ?

எழுந்து வந்தாள். "முன்பக்கம் வலது சக்கரத்துக்கு மேல துரு பிடிச்சிருக்கு. இன்ஜின் தலைப்பகுதியில எண்ணெய் கசியுது. விலையில பாதி இன்னும் செலவு வைக்கும்." பொய் சொல்லத் தெரியாத பெண். அதுவும் அவர் கொடுத்ததுதான்.

"அப்ப வேணாமா?"

"அது நீங்க சொல்லணும், பாபா."

அவர் கோட்டைக் கழற்றாமலே குனிந்தார். டார்ச் வெளிச்சம் இயந்திரத்தின் பக்கவாட்டில் விழுந்தது. பிசுக்கைக் கைக்குட்டையால் துடைத்தார். எண்கள் தெரிந்தன. ஒவ்வொன்றாகப் படித்தார். ஒரு கீறல் போதும். ஒரு எண் கொஞ்சம் சாய்ந்திருந்தால் போதும். மூன்றை எட்டாக்கியிருந்தால் போதும். உள்ளுக்குள் வேண்டிக்கொண்டதை அவரே கேட்டார், வெட்கமாக இருந்தது. எண்கள் வரிசையாக, ஆழமாக, தொழிற்சாலை அடித்தது அடித்தபடியே இருந்தன.

"தேடுங்க மன்சினி, நல்லாத் தேடுங்க" என்று பின்னாலிருந்து மாடூபே ஒரு பிளாஸ்டிக் உறையை நீட்டினாள். கடை ரசீது, தவணைச் சீட்டுகள், பதிவுத்தாள். எல்லாம் சிகனாண்டா ம்தெம்புவின் பெயரில். எண்களை ஒப்பிட்டார். ஒத்துப்போயின. "ஏழு வருஷம் ரொட்டி வண்டி ஓட்டிக் கட்டுனது. விடியக்காலை மூணு மணிக்கு எழுந்து போவாரு. அன்னிக்கு அந்த வாசல்ல நீங்க ஒரு வார்த்தை கேட்டிருந்தா, இதே தாளை அன்னிக்கே காட்டியிருப்பாரு. கேக்கலியே."

நிமிர்ந்தபோது இடுப்பு பிடித்துக்கொண்டது. கார் விளிம்பைப் பற்றிக்கொண்டு நின்றார். அவர் சார்பில் எவராவது மொழிபெயர்த்தால் நன்றாக இருக்கும்.

மேசைமேல் மாடூபேயின் போன் அடித்தது. "டர்பன்காரன்" என்றாள். எடுக்கவில்லை. "அவன் பாதி வழி வந்துட்டான். அன்னிக்கு அவரைத் திருப்பி அனுப்புனதுக்கு அபராதம் ஒண்ணு பாக்கி இருக்கு, மன்சினி. பணம் வேணாம்." ஷெட்டின் மூலையைக் காட்டினாள். கோடுபோட்ட போர்வைக்குள் இரண்டு சக்கரங்கள். போர்வையை விலக்கினால் கறுப்பு ரப்பரில் கடை ஒட்டிய தாள்கூட அப்படியே இருந்தது. "உங்க தம்பி அடக்கத்துக்குன்னு வாங்குனது. திரும்பி வந்ததும் கழட்டி வெச்சாரு. எத்தனையோ சாவுக்குக் கூப்பிட்டாங்க, வேற சக்கரம் போட்டுக்கிட்டுப் போனாரு. இதைத் தொடல. வண்டி எடுத்தாலும் எடுக்காட்டியும் இதை எடுத்துட்டுப் போங்க. எனக்கு இடம் அடைக்குது."

அப்புறம் சாதாரணமாகக் கேட்டாள். "மைதானத்துல இவளை என்ன பேர் சொல்லிக் கத்தறாங்க தெரியுமா உங்களுக்கு?"

"மா, வேணாம்" என்றாள் நொன்தோபெகோ.

"வுசி மகள். பழைய ஆளுங்க அத்தனை பேரும் எழுந்து நின்னு கத்துவாங்க. வுசி மகள், வுசி மகள்னு."

பேகுமுசியின் காதுகள் சூடாயின. தன் ரத்தம், தன் பெயர், தான் படிக்க வைத்தது. "நீ ஏன் மறுக்கல?"

அவள் கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தாள். "மறுத்தா, அப்ப வுசி உனக்கு யாருன்னு கேப்பாங்க. அவர் எப்படிப்பட்டவர்னு கேப்பாங்க. எனக்கு என்ன தெரியும், பாபா?"

போன் மறுபடியும் அடித்து ஓய்ந்தது.

"குடுக்கறது என் வேலை" என்றாள் மாடூபே. "கேக்கறது உங்க வாய்ல இருக்கு. பெரியவர் கேக்காம நான் சாவி குடுக்க மாட்டேன். மணி பதினொண்ணே முக்கால்."

தொப்பி அவர் கையில் இருந்தது. எப்போது கழற்றினோம் என்று அவருக்கே தெரியவில்லை. "ஸுங்கு வீட்டார்..." என்று ஆரம்பித்து நிறுத்தினார்.

"நான் கேக்கறேன், மாடூபே."

இரண்டு கைகளாலும் சாவியைக் கொடுத்தாள். அவர் இரண்டு கைகளாலும் வாங்கி மகளிடம் கொடுத்தார். முதல் திருப்பலில் வண்டி இருமியது. இரண்டாவதில் நீலப் புகையைக் கக்கியது. நொன்தோபெகோ மிதியிலிருந்து காலை எடுக்காமல் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். புகை வெளுத்தது, மெலிந்தது. பிறகு தகரக் கூரை அதிர ஒரே சீராக உறுமியது. வாசலில் கூடியிருந்த பெண்கள் புதுமணப் பெண் புறப்படுவதுபோலக் குலவையிட்டார்கள். "ஆளு கொஞ்சம் வயசானவ, பாத்து நடத்துங்க!" என்று ஒருத்தி கத்தினாள். மாடூபே மட்டும் சிரிக்கவில்லை. காலிக் கொட்டகைக்குள் திரும்பிப் போய் நின்றுகொண்டாள்.

சக்கரங்களை வைக்க அந்தக் காரில் இடமிருந்தும் இருவரும் வந்திருந்த தன் வண்டியிலேயே அவர் ஏற்றச் சொன்னார். கோடுபோட்ட போர்வை போர்த்திய இரண்டும் பின் இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்தன. வளைவில் உருளாமல் இருக்க மகள் இடுப்புப் பட்டை மாட்டிவிட்டாள். யாரோ இரண்டு உறவுக்காரர்களை ஏற்றிக்கொண்டு போவதுபோல இருந்தது. அவர் முன்னால், வெள்ளைக் கார் பின்னால். பழைய ரப்பரின் நெடி கோட்டில் ஏறியது.

பெரிய சாலை சந்திப்பில் சிவப்பு விழுந்தது. இடப்பக்கம் போனால் வீடு. வலப்பக்கம் இரண்டு கிலோமீட்டரில் வுசி படுத்திருக்கும் கல்லறைத் தோட்டம். சனிக்கிழமை. வாசல் திறந்துதான் இருக்கும். கண்ணாடியில் மகளின் முகம் தெரிந்தது. அவள் எந்தப் பக்கமும் விளக்குப் போடவில்லை. அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பச்சை விழுந்தது. அவர் கை திருப்பு விளக்கின் கொம்பில் இருந்தது. டாக்ஸிக்காரர்கள் ஹாரனை அழுத்த ஆரம்பித்தார்கள். எட்டிப் பார்த்து ஒருவன் அவர் வயதைச் சொல்லித் திட்டிக்கொண்டு போனான். நேர் பின்னால் நின்ற வண்டி மட்டும் ஹாரன் அடிக்கவில்லை. அதன் உறுமல் அவர் இருக்கை வழியாக முதுகெலும்பில் ஏறிக்கொண்டிருந்தது. பின் இருக்கையில் போர்வை மெல்ல நடுங்கியது.