மீன் தொட்டிக்கு ஒரு லாரி டியூப்

அஞ்சம்மாள் பழவேற்காட்டு ஏரிக்கரையில் பிறந்தவள். மீனை வலையில் பார்த்திருக்கிறாள், கூடையில் பார்த்திருக்கிறாள், குழம்பில் பார்த்திருக்கிறாள். கண்ணாடிப் பெட்டிக்குள் விட்டு, விளக்குப் போட்டு, வேளாவேளைக்குத் தீனி போடும் கூத்தை, கும்மிடிப்பூண்டிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகு பக்கத்து வீட்டு கிரேஸ் டீச்சரிடம்தான் கண்டாள். முதல் நாள் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

அந்தச் சிரிப்பெல்லாம் டீச்சரின் கணவர் ஜெயராஜ் இருந்தவரைக்கும்தான். மூர் மார்க்கெட்டில் ஆறு தங்கமீன் குஞ்சுகளை வாங்கிவந்து, உள்ளங்கை நீளத்துக்கு வளர்த்த மனுஷன், ஆறு மாதத்துக்கு முன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர் எழவேயில்லை. அதிலிருந்து டீச்சர் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தொட்டிக்கு எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு மீன்களோடுதான் பேசுவார். பிள்ளை குட்டி இல்லாத வீடு. வேறு யாரோடு பேசுவது?

எழுபத்து மூன்றாம் வருஷக் கோடையில் தங்கை பிரசவத்துக்கு வேலூர் போகவேண்டி வந்தபோது, வீட்டுச் சாவியை அஞ்சம்மாளிடம் கொடுத்தார். தண்ணீருக்குள் காற்று ஊதும் சின்ன மோட்டார் நிற்காமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். "அவர் எனக்குன்னு விட்டுட்டுப் போனது இதுதான் அஞ்சம்மா" என்றார். அதைக் கேட்ட பிறகு அஞ்சம்மாளுக்கு எங்கே தூக்கம் வரும்!

மூன்றாம் நாள் காலை ஒன்பது மணிக்குக் கரண்ட் போயிற்று. வழக்கமாக இரண்டு மணி நேரத்தில் வந்துவிடும். அன்றைக்குப் பன்னிரண்டு ஆகியும் வரவில்லை. எங்கேயோ டிரான்ஸ்பார்மர் எரிந்துவிட்டதாம், பொழுது சாயும்வரை எதிர்பார்க்காதீர்கள் என்று சொல்லிவிட்டு லைன்மேன் சைக்கிளில் போய்விட்டார். வெயில் மண்டையைப் பிளந்தது. மீன்கள் ஆறும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஏரித் தண்ணீர் சூடேறிக் கெட்டுப்போகும் நாளில் மீன் இப்படித்தான் மேலே வரும், அடுத்தது மிதக்கும். அது அவளுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

சொம்பில் தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினாள். கை விட்டுப்போயிற்று. கடைசியில் புருஷன் அப்பாவுவைக் கூப்பிட ஆளனுப்பினாள்.

அவனுக்கு ஜி.என்.டி. ரோட்டில் பேட்டரி சார்ஜ் போடும் கடை. உலகத்தில் எந்தக் கஷ்டத்துக்கும் பேட்டரிதான் மருந்து என்பது அவன் கட்சி. ஒரு லாரி பேட்டரியைத் தூக்கிவந்து மோட்டாரில் மாட்டினான். அது முனகக்கூட இல்லை. இருபது பேட்டரியை வரிசையாகக் கோத்தால் வீட்டுக் கரண்ட் அளவுக்கு வந்துவிடும் என்று கணக்குப் போட்டு, தள்ளுவண்டி கொண்டுவரக் கிளம்பினான். தரையெல்லாம் அவள் சிந்திய தண்ணீர், அவன் கையில் மூடாத ஒயர். அஞ்சம்மாள் வாசலை மறித்து நின்றாள்.

"யோவ், மீனு சாவறதுக்கு முன்ன நீ செத்துடுவே. அதுக்கு கரண்டு இன்னாத்துக்குய்யா? காத்துதான வேணும்?"

அப்பாவுவுக்கு ரோஷம் வந்தது. ரோஷத்துக்குப் பின்னால் புத்தியும் வந்தது. "காத்தா? அது நம்ம பச்சையப்பன் கடையில கெடக்குதுமே" என்றான்.

பச்சையப்பன் பஞ்சர் கடைக்காரன். கரண்ட் இல்லாமல் அவனுடைய காற்று மிஷினும் படுத்துக் கிடந்தது. அப்பாவுவும் அவனும் மாறி மாறிக் கைப்பம்பு அடித்து, வியர்வை சொட்டச் சொட்ட ஒரு லாரி டியூபை ஊதினார்கள். வீட்டுக்குத் தூக்கிவந்து தொட்டிக்குப் பக்கத்தில் கிடத்தி, வால்வு ஊசியை லேசாகத் தளர்த்தி, மோட்டாரின் ரப்பர் குழாயை அதில் மாட்டி நூல் சுற்றிக் கட்டினார்கள். முதலில் உலைபோலக் கொதித்தது தண்ணீர், மீன்கள் பயந்து மூலைக்கு ஓடின. அஞ்சம்மாள் வைத வசவில் அப்பாவு குழாயில் ஒரு துணி கிளிப்பைப் போட்டு இறுக்கினான். குமிழி சன்னமாக, சீராக எழும்பியது.

ஒரு மணி நேரத்தில் டியூப் தொய்ந்து, குமிழி இளைத்தது. அவள் யோசிக்கவேயில்லை, போய் அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள். குமிழி மறுபடி கிளம்பியது. உன் உடம்பு இன்றைக்குத்தான் ஒரு காரியத்துக்கு ஆயிற்று என்ற அப்பாவு, அவள் பார்த்த பார்வையில் இரண்டாவது டியூபுக்குக் காற்றடிக்க ஓடினான்.

மூலையில் சாய்ந்து கிடந்த பெரிய மீன் மெல்ல நிமிர்ந்து, வாலை ஆட்டிக்கொண்டு நடுவே வந்தது. ஆயிரம் மீனை ஆய்ந்த கை அவளுடையது. இந்த ஒரு மீனுக்காக அழுதாள், நிம்மதியில் ஓவென்று அழுதாள்.

நாலு மணிக்கு டீச்சர் வேலூரிலிருந்து வந்தார். காலையிலிருந்து கரண்ட் இல்லை என்று ஸ்டேஷனிலேயே கேள்விப்பட்டிருந்தார். வாசற்படியைத் தாண்டாமல், பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்றார். "நீயே எடுத்து எங்கயாவது புதைச்சிடு அஞ்சம்மா. நான் பாக்கல" என்றார்.

"என்னால ஏந்திரிக்க முடியாது டீச்சரம்மா. ஏந்திரிச்சா காத்து நின்னுடும். உள்ள வந்து நீங்களே எண்ணிக்கங்க."

டீச்சர் உள்ளே வந்தார். ஒரு தடவை எண்ணினார். நம்பாமல் இன்னொரு தடவை எண்ணினார். ஆறு. அஞ்சம்மாள் பக்கத்திலேயே டியூபின்மேல் பொத்தென்று உட்கார்ந்தார். இரண்டு பேர் கனத்தில் தொட்டி முழுக்கக் குமிழி பொங்கியது. டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆறு மாதத்தில் அந்த வீட்டில் கேட்காத சிரிப்பு.

ஆறரைக்குக் கரண்ட் வந்தது. எழுந்திரிக்கச் சொன்னான் அப்பாவு.

"மோட்டாரைப் போட்டுட்டு நீங்க போங்க" என்றார் டீச்சர், அஞ்சம்மாள் கையை விடாமல். "நாங்க இன்னும் கொஞ்ச நேரம் உக்காந்திருக்கோம்."